மலையகத்தில் மாணிக்கக் கிடங்கு வெட்ட அனுமதிப்பத்திரம்: முதன்முறை விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றேகால் ஏக்கர் காணி இருக்கிறது. தாத்தா வாங்கிய காணி. மேலே மரக்கறிப் பாத்திகள், கீழே பள்ளத்தில் ஒரு துண்டு பழைய வயல். அந்தப் பள்ளத்தில் மாணிக்கக் கிடங்கு, அதாவது கல் தேடித் தோண்டும் குழி, வெட்டுவதற்கான அனுமதிப்பத்திரம் என் கைக்கு வர 11 மாதங்கள் ஆயின. அவற்றில் 7 மாதங்கள் யாருடைய தவறாலும் வீணாகவில்லை. எந்தக் காகிதத்தை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லாததால் வீணானவை. பத்திரம் வந்த நாளில் மழை பிடித்துவிட்டது. அந்த ஆண்டின் நல்ல மாதங்கள் அத்தனையும் போய்விட்டன.

எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறார்கள். பலர் பத்திரமில்லாமல் இரவில் தோண்டி, பொலிஸாரிடம் அகப்பட்டு, நீர்ப்பம்பியையும் மண்வெட்டியையும் இழந்து, வழக்குக்கு அலைகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சொந்தக் காணியிலோ முறையாகச் சம்மதம் பெற்ற காணியிலோ சிறிய அளவில், கையால் வெட்டும் கிடங்குக்கு மட்டுமே இது பொருந்தும். பெக்கோ போன்ற இயந்திரங்களுக்கு அனுமதி வேறு, நிபந்தனைகள் வேறு.

1. முதலில் காணி எந்த வகை என்று பாருங்கள்

மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மண் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. மலையகத்தில் இந்தக் கேள்வியில்தான் பாதிப் பேரின் ஆசை முடிந்துபோகிறது. அது தொடக்கத்திலேயே முடிந்தால் பணமாவது மிஞ்சும்.

தோட்டக் காணி என்றால் அது உங்கள் காணி அல்ல. உங்கள் குடும்பம் 4 தலைமுறையாக அந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தாலும் சட்டத்தின் முன் அல்ல. தோட்டங்களின் நிலம் அரச தரப்புக்கு உரியது. 1992இல் தொடங்கிய மாற்றத்தின் பின் பெருந்தோட்டக் கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்து நடத்துகின்றன. இதை எழுதும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் வலிக்கு இடமில்லை, காணி உறுதிப் பத்திரத்துக்குத்தான் இடமுண்டு. “தோட்டத்து ஆற்றோரத்தில் வெட்டலாம், துரை கண்டுகொள்ள மாட்டார், நான் பேசித் தருகிறேன்” என்று ஒருவர் வந்தால் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தோட்ட அதிகாரி ஒருவரின் வாய்ச் சம்மதம் எந்த அலுவலகத்திலும் செல்லாது.

வீடமைப்புத் திட்டங்களில் கிடைத்த 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் காணிகள் குடியிருப்பதற்குக் கொடுக்கப்பட்டவை. அவற்றில் கிடங்கு வெட்டும் யோசனையே வேண்டாம். 160 பேர்ச்சஸ் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். 7 பேர்ச்சஸில் ஒரு வீட்டுக்கும் ஒரு குழிக்கும் இடையே பாதுகாப்பான தூரம் எப்படி வரும்?

காடும் சரணாலயமும் அறவே கூடாது. சிவனொளிபாதமலைச் சரணாலயம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடங்கள். அவற்றின் எல்லையை ஒட்டிய காணி உங்களிடம் இருந்தால், எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரை ஒதுக்கு நிலமும் அப்படியே. கெசல்கமுவ ஓயாவின் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, மஸ்கெலியா ஓயாவின் நீர் மவுசாக்கலைக்குப் போகிறது. இரண்டும் மின்சாரத்துக்கான நீர்த்தேக்கங்கள். கரையைக் குடைந்தால் சேறு அங்கே போய் நிரம்பும். உங்கள் உறுதியில் “தெற்கு எல்லை ஓயா” என்று எழுதியிருந்தாலும் ஓயாவின் ஓரம் வரை வெட்ட உங்களுக்கு உரிமை இருப்பதாக நினைக்காதீர்கள்.

வயல் காணி என்றால் இன்னொரு படி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்தக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி தேவை. எங்கள் பள்ளத்தில் 15 ஆண்டுகளாக நெல் விதைக்கவில்லை. ஆனாலும் பதிவேட்டில் அது வயல்தான். இதை நான் ஐந்தாவது மாதத்தில்தான் அறிந்தேன். உங்கள் காணியில் ஒரு மூலை பள்ளமாக இருந்தால் இன்றே கமநல சேவை நிலையத்துக்குப் போய், பதிவேட்டில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

2. எந்த அலுவலகம்

மாணிக்கக் கற்களுக்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பொறுப்பு. கருங்கல், மணல், களிமண், படிகக்கல், மைக்கா, திகன பக்கத்து டொலமைட் போன்றவை எல்லாம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கு உரியவை. ஒன்றின் பத்திரத்தை வைத்துக்கொண்டு மற்றதை விற்க முடியாது. மாணிக்கக் கிடங்கிலிருந்து வந்த மணலை லொறியில் ஏற்றி விற்று அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மணலை எடுக்க ஓர் அனுமதி, ஏற்றிச் செல்ல இன்னோர் அனுமதி.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு நேரே போகாதீர்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பிராந்திய அலுவலகம் எது, அங்கே எந்தக் கிழமை பொதுமக்களைச் சந்திக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். களப் பரிசோதகர்கள் வெளியில் போகும் நாளில் போனால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் வீண்.

பிரதேச செயலகத்திலும் கவனம் தேவை. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன, இப்போது 10 இருக்கின்றன. அம்பகமுவையில் இருந்த பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இன்று நோர்வூட்டில் இருக்கின்றன. பழைய பெயரில் கடிதம் வாங்கினால் திருப்பி அனுப்புவார்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களப் படிவத்தை நீட்டினால் பணிவாகத் தமிழ்ப் படிவம் கேளுங்கள். புரியாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் இடாதீர்கள்.

3. வெட்டாமல் பார்ப்பது

“ஒரு சின்னச் சோதனைக் கிடங்கு வெட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம்” என்று எல்லோரும் நினைப்பார்கள். சோதனைக் கிடங்கும் பத்திரமில்லாத அகழ்வுதான். அதைச் செய்யாதீர்கள்.

வெட்டாமலே பார்க்கக்கூடியவை உண்டு. மாணிக்கம் பெரும்பாலும் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடைப்பதில்லை. பாறை உக்கி, மழைநீர் அடித்துவந்து, பள்ளத்தாக்கின் அடியில் சரளைப் படையாகத் தங்கிய இடத்தில் கிடைக்கிறது. அந்தப் படையைத்தான் தொழிலாளர்கள் ‘இல்லம்’ என்கிறார்கள். அதற்குக் கீழே ‘மலவ’ என்ற உக்கிய பாறை வந்துவிட்டால் மேலும் வெட்டிப் பயனில்லை. ஆகவே செங்குத்தான மேட்டைவிட, பழைய ஓடை வளைந்து ஓடிய தாழ்ந்த இடமே பார்க்க வேண்டிய இடம். அனுபவசாலிகள் நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் இறக்குவார்கள். களிமண்ணில் கம்பி வழுக்கிக்கொண்டு போகும், இல்லத்தைத் தொட்டால் கரகரவென்று சத்தம் கையில் உணரப்படும். எங்கள் பள்ளத்தில் அந்தச் சத்தத்தை முதன்முறை கேட்ட பகல் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் இல்லம் இருந்தால் கல் இருக்கும் என்று பொருளல்ல. அயல் காணிகளில் பத்திரத்தோடு வெட்டியவர்களிடம் கார்னட், ஸ்பினல், தோரமல்லி போன்ற துணைக் கற்கள் வந்தனவா என்று கேளுங்கள். அவை வந்த இல்லத்தில் நீலக்கல்லுக்கும் வைடூரியத்துக்கும் வாய்ப்பு உண்டு. வெறும் வெள்ளைப் படிகச் சரளை மட்டும் வந்திருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

4. உறுதியும் பங்காளிகளின் கையொப்பமும்

எனக்கு ஆன தாமதத்தில் பெரும்பகுதி இங்கேதான்.

தேவையானவை: காணி உறுதியின் மூலமும் பிரதியும், காணிப் பதிவகத்திலிருந்து அண்மையில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, அனுமதி பெற்ற நில அளவையாளர் வரைந்த படம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் பிரதி, நீங்கள் தனி உரிமையாளர் இல்லை என்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதம். காணியின் உரிமையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குக்கு நீங்கள் உரித்தை அல்லது சம்மதத்தைக் காட்ட வேண்டும். மிகுதி மூன்றில் ஒரு பங்குக்காரர் பேசாமல் இருப்பார் என்று நம்பாதீர்கள். அவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் விசாரணை வைப்பார்கள், உங்கள் விண்ணப்பக் கோவை அப்படியே நிற்கும். முடிந்தவரை எல்லோருடைய கையொப்பத்தையும் வாங்குங்கள்.

எங்கள் தாத்தாவின் பெயரில் இருந்த காணி பிரிக்கப்படாமல் 4 பிள்ளைகளுக்கு வந்தது. அவர்களில் மூத்த அத்தை சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியா போனவர், கோத்தகிரியில் இருக்கிறார். ஒரு சித்தப்பாவோடு 10 ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவும் இன்னொரு சித்தப்பாவும் கையொப்பமிட்டார்கள். அது பாதிதான். நான் அதோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். பங்கு போதாது என்ற ஒற்றை வரியோடு கோவை திரும்பி வந்தது.

மலையகத்தில் பல குடும்பங்களின் கதை இதுதான் என்பதால் இந்தியாவில் இருக்கும் உறவினரின் கையொப்பம் பெறும் வழியை விரிவாகச் சொல்கிறேன். அவர் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. இங்கே ஒரு நொத்தாரிசிடம் அற்றோணித் தத்துவத்தின், அதாவது அவர் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தின், வாசகத்தைத் தயாரியுங்கள். அதில் காணியின் பெயர், விஸ்தீரணம், உறுதி இலக்கம், எதற்காக அதிகாரம் கொடுக்கிறார் என்பவை தெளிவாக இருக்கட்டும். “எல்லா அதிகாரமும்” என்று பொதுவாக எழுதினால் வயதானவர்கள் அஞ்சுவார்கள், அந்த அச்சம் நியாயமானது. அந்தத் தாளை அவர் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்துக்கு நேரில் கொண்டுபோய் அங்கே கையொப்பமிட வேண்டும். போகுமுன் சந்திப்பு நேரமும் தேவையான அடையாள ஆவணங்களும் எவை என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பின் மூலத் தாள் இங்கே வந்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி பெற்று, பதிவு செய்யப்பட வேண்டும். என் அத்தைக்கு 74 வயது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, இரவு ரயிலில் சென்னை போய், அடுத்த நாள் திரும்பினார். அந்தப் பயணச் செலவு முழுவதும் நம்முடையது. அதைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும்.

பேசாத சித்தப்பாவுக்கு நான் கடிதம் எழுதவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு நேரில் போனேன். அதை முதல் மாதமே செய்திருக்கலாம்.

5. பெயர் ஒன்றாக இருக்கட்டும்

உறுதியில் ‘முத்தையா வேலாயுதம்’, பிறப்புச் சான்றிதழில் ‘முத்தய்யா வேலயுதன்’, அடையாள அட்டையில் முதலெழுத்தோடு வேறொரு வடிவம். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளை வேறு மொழிக்காரர் காதில் விழுந்தபடி எழுதியதால் நம் மக்களில் பெயர் ஒன்றாக உள்ளவர் அரிது. அலுவலகம் இதைக் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கும். ஆகவே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். ஒன்றல்ல, மூன்று மூலப் பிரதிகள் எடுத்து வையுங்கள், ஒவ்வோர் அலுவலகமும் மூலத்தைக் கேட்கும். இறந்துபோன தாத்தாவின் பெயரிலும் இதே சிக்கல் வரும். அவரது மரணச் சான்றிதழையும் இப்போதே தேடி எடுங்கள்.

6. சாய்வு, மண்சரிவு, அயலவர்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி ஆகியவை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டவை. உங்கள் காணி சாய்வில் இருந்தால் அல்லது மேலே லயமோ வீதியோ இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை எடுத்து வருமாறு சொல்வார்கள். அவர்கள் நேரில் வந்து மண்ணையும் சாய்வையும் பார்ப்பார்கள். இந்தப் பரிந்துரைக்குக் கட்டணமும் நாட்களும் தனி. விண்ணப்பம் கொடுத்தபின் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். சாய்வு உள்ளவர்கள் காணிப் படம் கைக்கு வந்த வாரமே இதற்கு எழுதிவிடுங்கள்.

இதை வெறும் தடையாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். மலையின் அடியைக் குடையும்போது மேலே உறங்குபவர்கள் நம் சொந்தக்காரர்கள். வேண்டாம் என்று அந்த நிறுவனம் எழுதினால், அந்தக் காணியை அப்படியே விட்டுவிடுங்கள்.

அயலவர்களிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள். அவர்களின் பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உங்கள் கிடங்கால் அந்த ஊற்று வற்றும் என்ற பயம்தான் பெரும்பாலான ஆட்சேபங்களின் வேர்.

7. விண்ணப்பமும் களப் பரிசோதனையும்

எல்லாக் காகிதங்களும் கைக்கு வந்தபின்தான் விண்ணப்பத்தைக் கொடுங்கள். குறையோடு கொடுத்துவிட்டுப் பின்னால் சேர்க்கலாம் என்பது நான் செய்த பிழை. கொடுக்கும்போது கோவை இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஓர் அலுவலகத்தில் என் காணிப் படம் காணாமல் போனது. பிரதி இல்லாததால் நில அளவையாளருக்கு இரண்டாம் முறையும் பணம் கொடுத்தேன்.

பரிசோதகர் வரும் நாளில் நீங்கள் காணியில் நிற்க வேண்டும். எல்லைகளைத் துப்புரவாக்கி, கிடங்கு வெட்ட நினைக்கும் இடத்தில் நான்கு தடிகள் நட்டு வையுங்கள். கழுவும் தண்ணீர் எங்கே தேங்கும், சேறு எப்படி அடங்கும், வெட்டிய மண்ணை எங்கே குவிப்பீர்கள் என்று கேட்பார். பதிலை வாயால் சொல்வதைவிட இடத்தைக் காட்டுங்கள். நான் சேற்றுக் குளத்துக்கு இடம் ஒதுக்காமல் இருந்தேன், அதனால் அவர் இரண்டாம் முறை வர நேர்ந்தது.

மாதக்கணக்கில் பதில் இல்லை என்றால் இடைத்தரகரைத் தேடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் கோவை யாரிடம் இருக்கிறது, என்ன குறை என்று எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் தர வேண்டும். நான் இப்படி ஒரு கடிதம் கொடுத்த பின்னரே கோவை நகர்ந்தது.

8. பணம் எங்கே போகிறது

அரசுக் கட்டணங்கள் மாறிக்கொண்டிருப்பதால் தொகை எழுதவில்லை. அலுவலகத்தில் அன்றைய கட்டண விபரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். ஆனால் செலவின் அளவைச் சொல்ல முடியும். எனக்கு மிக அதிகமாகப் போனது நில அளவையாளருக்கு. அடுத்தது அத்தையின் பயணமும் நொத்தாரிசும். அதற்கு அடுத்தது நான் இழந்த நாட்சம்பளம். பத்திரக் கட்டணம் இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

பத்திரம் தரும்போது ஒரு வைப்புப் பணம் கேட்பார்கள். கிடங்கை மூடிக் காணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது திரும்பக் கிடைக்கும். இதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துபோகிறவர்கள் பலர். அது உங்கள் பணம். பற்றுச்சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள்.

கடன் வாங்கி இந்த வேலையில் இறங்காதீர்கள். குறிப்பாக நகையை அடகு வைத்து இறங்காதீர்கள்.

9. நாட்கணக்கைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பத்திரத்தின் ஆயுள் ஒரு வருடம். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை, ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேர இடிமழை. கிடங்குக்குள் நிம்மதியாக நிற்கக்கூடிய மாதங்கள் ஜனவரி, பெப்ரவரி, மார்ச். பதுளை, வலப்பனை பக்கத்தவர்களுக்கு மாறாக டிசம்பர், ஜனவரி மழை வரும், நடு ஆண்டு உலர்ந்திருக்கும்.

எனவே எங்கள் பக்கத்தில் பத்திரம் டிசம்பர் கடைசியில் கைக்கு வர வேண்டும். அதற்கு முழுமையான விண்ணப்பம் ஆகஸ்டில் உள்ளே போக வேண்டும். அதற்கு நில அளவையும் பதிவேட்டுப் பிரதியும் ஏப்ரலில் முடிய வேண்டும், ஏனெனில் மழையில் நில அளவையாளர் வர மாட்டார். அதற்கு உறவினர் கையொப்ப வேலை ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் காகிதத்துக்கு, இரண்டாம் ஆண்டின் தொடக்கம் மண்ணுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்திரம் மே மாதத்தில் வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10. வேலையாட்களோடு எழுத்தில் பேசுங்கள்

இந்தத் தொழில் பங்கில் நடக்கிறது. காணிக்காரருக்கு ஒரு பங்கு, பத்திரக்காரருக்கு ஒரு பங்கு, பம்பி கொடுத்தவருக்கு ஒரு பங்கு, சாப்பாட்டுக்கும் செலவுக்கும் முதல் போட்டவருக்கும் இறங்கி வெட்டுபவர்களுக்கும் மிகுதி. காணிக்காரருக்கு ஐந்தில் ஒன்று என்ற வழக்கம் பரவலாக இருந்தாலும் ஊருக்கு ஊர் வேறுபடும். கல் வருமுன் எல்லோரும் சகோதரர்கள். கல் வந்தபின் ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு கணக்கு இருக்கும். முதல் மண்வெட்டி விழுமுன் ஒரு தாளில் பங்குகளை எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி எடுங்கள். கல் வராத மாதங்களில் வெட்டுபவரின் வீட்டுக்குச் செலவு யார் கொடுப்பது, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டையும் பெரும்பாலானோர் எழுதுவதில்லை.

11. கிடங்குக்குள்

இங்கே சுருக்கமாகச் சொல்ல மனமில்லை, ஆனால் வெட்டும் கலையை ஒரு கட்டுரையில் கற்பிக்க முடியாது. அனுபவமுள்ள ஒருவர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். நான்கு விடயங்கள் மட்டும்.

மண் உதிராமல் கமுகு போன்ற மரங்களால் சட்டம் கட்டி, பின்னால் பன்னத் தழையைத் திணித்துக்கொண்டே இறங்க வேண்டும். இன்று அவசரம், நாளை கட்டலாம் என்று ஓர் அடிகூட இறங்காதீர்கள்.

எரிபொருளில் ஓடும் பம்பியைக் கிடங்குக்குள் இறக்காதீர்கள். அதன் புகையில் உள்ள மணமில்லாத நச்சு வாயு ஆளை மயக்கிக் கொன்றுவிடும். மயங்கியவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார்.

எளிய மழைமானி ஒன்றை முற்றத்தில் வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கை, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் அந்த இடத்தைவிட்டு விலகுதல். மண்சரிவுக்காகக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லும் கணக்கு இது. கிடங்கு வேலையை முதல் எல்லைக்கும் முன்னரே நிறுத்திவிடுங்கள். நிலத்தில் வெடிப்பு, திடீரென ஊற்று தோன்றுதல், ஓடை கலங்குதல், மரம் சாய்தல் கண்டால் மழைமானியைப் பார்க்கத் தேவையில்லை.

பத்திரத்தின் பிரதி எப்போதும் கிடங்கு மேட்டில் இருக்கட்டும். பொலிஸார் வந்தால் மூலம் வீட்டில் இருக்கிறது என்ற பதில் உதவாது.

12. கல் கிடைத்தால்

இல்லத்தைக் கூடையில் கழுவும்போது பாரமான கற்கள் அடியில் தங்கும். நீலக்கல்லின் அடர்த்தி 4, சாதாரணப் படிகத்தினது 2.65. கூடையின் அடியில் மிஞ்சியதை அவசரப்பட்டு வீசாதீர்கள். குறிப்பாகப் பால் கலந்தது போல மங்கலாக இருக்கும் கற்களை. ‘கெவுட’ எனப்படும் அந்தக் கற்களில் சில, சூடேற்றும்போது நல்ல நீல நிறம் பெறும். அவற்றைக் கைப்பிடியாகச் சில்லறைக்கு வாங்கிப்போகவே சிலர் கிடங்குகளைச் சுற்றி வருகிறார்கள்.

கிடைத்த ஒவ்வொரு கல்லையும் தேதி, நிறை, உடனிருந்தவர் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி, புகைப்படம் எடுங்கள். கல்லின் தன்மை தெரியாமல் முதல் விலைக்குக் கொடுக்காதீர்கள். அதிகாரசபையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கிடங்கு மேட்டுக்கே வந்து பணத்தை எண்ணிக் காட்டுபவர், நீங்கள் அந்தச் சோதனைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் வருகிறார். மற்றவர்களிடம் வாங்கி விற்பதற்கு உங்கள் அகழ்வுப் பத்திரம் போதாது, வியாபாரிக்கான அனுமதிப்பத்திரம் வேறு.

13. மூடும்போது

மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஆரம்பத்திலேயே தனித்தனியாகக் குவித்திருந்தால் மூடுவது எளிது. அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். மாறிப்போனால் அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரு கீரையும் முளைக்காது. மூடுவதற்கு வேண்டிய கூலியை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள், வேலை முடியும்போது கையில் காசு இருக்காது. திறந்து கிடக்கும் கிடங்கில் மழைநீர் நிறையும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது குளமாகத் தெரியும். ஒரு நாள்கூட வேலியில்லாமல் விடாதீர்கள்.

மூடுவதற்கு முன், மூடும்போது, மூடிய பின் என்று ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். பத்திரம் காலாவதியாகுமுன் பரிசோதகரை வரவழைக்க எழுத்தில் கேளுங்கள். அவர் பார்த்துக் கையொப்பமிட்டபின், வைப்புப் பணத்தின் பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றோடு மீளளிப்பு விண்ணப்பத்தைக் கொடுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.